ஆறு வயதுக்காரியின் அடுப்படி

கம்பம் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகளிலும் ஏறி, இடுக்கித் தோட்டங்களில் பெண்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வரும். இந்தப் பயணத்தைப் பற்றி, ஜீப்பில் ஆட்களை அடைத்துக்கொண்டு போவதைப் பற்றி, விபத்துகளைப் பற்றி அவ்வப்போது பத்திரிகையில் வரும். அந்தப் பெண்கள் கிளம்பிய பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பது செய்தியாவதில்லை. மூத்த பெண்பிள்ளை எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். அவளுக்கு எட்டு வயது இருக்கும். சில வீடுகளில் ஏழு. நானும் அப்படி அடுப்புப் பற்றவைத்தவள்தான்.

இப்போது எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளிகளில் 'நெருப்பில்லாச் சமையல்' என்று ஒரு நாள் கொண்டாடுகிறார்கள். பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பி மாட்டி, அவல் ஊறவைத்து, வெள்ளரிக்காய் நறுக்கி, எலுமிச்சை பிழிந்து படம் எடுக்கிறார்கள். குழந்தையோடு சேர்ந்து சமையுங்கள், விரல்களுக்கு லாவகம் வரும், எண்ணறிவு வளரும், காய்கறி தின்னப் பழகும் என்று பெற்றோருக்குச் சொல்கிறார்கள். அத்தனையும் உண்மை. அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் நானே இதற்குச் சாட்சி. ஆனால் அதே வயது, அதே வெள்ளரிக்காய், அதே அரிவாள்மணை, ஒரு வீட்டில் கல்வி என்றும் இன்னொரு வீட்டில் வேலை என்றும் பெயர் பெறுகிறது. மூன்றாவது வீட்டில் "நாளைக்குப் போற எடத்துல பேர் வாங்கணும்ல" என்கிறார்கள். பெயரை வைப்பது யார் என்று தேடிப்போனால் நீண்ட கதை கிடைக்கிறது.

தமிழில் அந்தக் கதை மணலில் தொடங்குகிறது. சிற்றில், சிறுசோறு, வண்டல் என்று பழைய இலக்கியத்தில் வரும் சொற்களெல்லாம் சிறுமிகளின் விளையாட்டுச் சமையலைச் சேர்ந்தவை. மணலில் வீடு கட்டுவார்கள், மணலையே சோறாக ஆக்குவார்கள், பாவைக்கு ஊட்டுவார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களைப் பாருங்கள்: சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் ஆண்குழந்தை செய்ய வேண்டியது, சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் எத்திச் சிதைப்பது. சிறுமிகள் சிதைக்காதே என்று கெஞ்சுவார்கள். பெண்பிள்ளையின் விளையாட்டு அடுப்பை உடைப்பது ஆண்பிள்ளையின் வளர்ச்சிப் படிகளில் ஒன்றாக இலக்கணமாகியிருக்கிறது. இதே காட்சியை ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்தில் சிறுமிகளின் குரலில் பாடினாள். பக்தியைத் தள்ளிவைத்துப் படித்தாலும் அந்தக் கெஞ்சல் புரியும்.

எங்கள் சின்ன வயதில் முல்லையாற்றங்கரையில் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். ஆளுக்கொரு பிடி அரிசி, கொஞ்சம் பருப்பு, யார் வீட்டிலிருந்தோ புளி. மூன்று கல்லை வைத்தால் அடுப்பு. அங்கே பையன்களும் சுள்ளி பொறுக்குவார்கள், கிண்டுவார்கள், தீய்ந்ததைச் சுரண்டித் தின்பார்கள். அவர்கள் மனமுவந்து கரண்டி பிடித்ததை நான் அங்கேதான் பார்த்தேன். வீட்டு வாசல்படி ஏறியதும் அந்தக் கரண்டி அவர்கள் கையில் இருக்காது.

அடுப்படியில் ஒரு பெண்குழந்தை உண்மையிலேயே என்ன கற்றாள்? நான் கற்றது பின்னம். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஐந்து பேருக்கு அரைப்படியும் ஓர் ஆழாக்கும் போட வேண்டும். எட்டில் ஐந்து என்று அதை எழுதலாம் என்பது நான்காம் வகுப்பில்தான் தெரிந்தது. பள்ளியில் வட்டத்தை வெட்டிக் காட்டிப் பின்னம் நடத்தியபோது நான் மனதுக்குள் ஆழாக்கைத்தான் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். 1956-இல் எடை அளவைச் சட்டம் வந்து கடைகளில் கிலோவும் லிட்டரும் கட்டாயமான பிறகும் படியும் ஆழாக்கும் அடுப்படியை விட்டுப் போகவில்லை.

இதே அளவைக் கணக்கு இன்னொரு இடத்திலும் நடத்தப்பட்டது. திண்ணைப் பள்ளிகளில் பையன்கள் மனப்பாடம் செய்த சுவடிகளில் நெல்லிலக்கம் ஒன்று. நெல்லை அளக்கும் வாய்பாடு அது. அந்தச் சுவடியைச் சொல்லி முடித்தவன் கணக்கப்பிள்ளையாகலாம். அதே அளவுகளைக் கையால் தினமும் மூன்று வேளை போட்டவள் எதுவும் ஆகவில்லை. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், சுமார் 1,88,000 மாணவர்கள் என்று தொகை வந்தது. அதில் பெண்கள் சில ஆயிரம் பேர்தான். பல மாவட்டங்களில் அவர்கள் கோயிலைச் சார்ந்த தேவதாசிக் குடும்பத்துக் குழந்தைகள். வீட்டிலேயே படிப்பவர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்று மன்றோவே 1826-இல் எழுதினார். சென்னை நகரில் மட்டும் அப்படி இருபத்தாறாயிரத்துக்கு மேல் இருப்பதாகக் கணக்கு வந்திருந்தது. வீட்டில் எழுத்துப் படித்த பையன் அந்தக் கணக்கில் ஏறினான். வீட்டில் உழக்கு அளந்த பெண் ஏறவில்லை. காலனி அரசைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. கணக்குக் கொடுத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களுக்கும் அது படிப்பாகத் தோன்றியதில்லை.

பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலை சுவர் போல நிற்கும். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு வெள்ளைக்காரக் குடும்பங்கள் பெரியகுளம் வந்து, மலையடிவாரத்திலிருந்து டோலியில் ஏறிப் போயின. டோலி தூக்கியவர்கள் இந்தச் சமவெளி ஆட்கள். அந்த மலைமேல் 1942 முதல் 1944 வரை மரியா மாண்டிசோரி இருந்தார். அடையாறு பிரம்மஞான சபை அழைத்து 1939-இல் சென்னை வந்தவர். முதல் பயிற்சி வகுப்பிலேயே சுமார் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மாரியோ எதிரி நாட்டவர் என்று சில மாதங்கள் காவலில் வைக்கப்பட்டார். பிறகு அம்மாவும் மகனும் கொடைக்கானலில் தங்கினார்கள். அங்கே ஒரு சிறிய பள்ளி நடந்தது. பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அவருடைய சில சிந்தனைகள் அந்த மலையில்தான் உருவாயின.

மாண்டிசோரி முறையில் மிகச் சின்னக் குழந்தைக்கு முதலில் வருவது எழுத்து அல்ல, வாழ்க்கைப் பயிற்சிகள்: ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானியம் மாற்றுவது, சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, தோல் உரிப்பது, நறுக்குவது, மேசை துடைப்பது. குழந்தையின் கைக்கு அடங்கும் சின்னப் பாத்திரம், உண்மையான பாத்திரம். பையனுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. என் அம்மாச்சி எனக்குச் சின்ன முறம் ஒன்று தனியாக முடைந்து வாங்கிக் கொடுத்திருந்தார். பெரிய முறம் தோளை இழுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கற்பித்தல் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆனால் மாண்டிசோரியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அவர் 1896-இல் பெர்லினில் நடந்த பெண்கள் மாநாட்டில் சம வேலைக்குச் சமக் கூலி கேட்டுப் பேசியவர். 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் அவர் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்துக்கு வந்தவர்கள், அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கத் தனியே கிடந்த ஏழைக் குழந்தைகள். அதாவது நம்முடைய ஜீப் ஏறும் அம்மாக்களின் பிள்ளைகளைப் போன்றவர்கள். அவர்களுக்காகப் பிறந்த முறை இன்று எங்கள் மாவட்டத்தில் கட்டணம் கட்டக்கூடியவர்களின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதற்கு அவரைப் பொறுப்பாக்க மாட்டேன்.

அதே காலத்தில் இன்னொரு முயற்சியும் நடந்தது. 1937-இல் வார்தாவில் காந்தி கூட்டிய மாநாட்டிலிருந்து ஆதாரக் கல்வி என்ற திட்டம் பிறந்தது. சேவாகிராமத்தில் அதை நடத்தியவர்கள் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் அவருடைய மனைவி ஆஷாதேவியும். அங்கே பொதுச் சமையலறையில் பையன்களும் பெண்களும் முறை வைத்துச் சமைத்தார்கள். சாமான் வாங்கிய கணக்கை அவர்களே எழுதினார்கள். சமையல் அங்கே கணக்குப் பாடமும் ஆனது. ஆனால் அதே திட்டத்துக்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழு, ஆறாம் ஏழாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் விரும்பினால் கைத்தொழிலுக்குப் பதிலாக மனையியல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தது. சலுகை மாதிரித்தான் தெரியும். கைத்தொழிலைக் கற்றவன் பிழைத்துக்கொள்வான், மனையியல் கற்றவள் மனையில் இருப்பாள் என்பதுதான் அதற்குள் இருந்த ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை உடைக்கப் பார்த்தவர் ஹன்சா மேத்தா. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும் சொல்லை நீக்கி 'எல்லா மனிதர்களும்' என்று எழுதவைத்தவர் அவர்தான். 1962-இல் ஆண், பெண் பாடத்திட்ட வேறுபாடு பற்றி ஆராய அமைத்த குழுவுக்கு அவர் தலைவர். பாலின அடிப்படையில் பாடங்களைப் பிரிக்க வேண்டாம், மனையியல் வைப்பதென்றால் இரு பாலாருக்கும் பொதுவாக வையுங்கள் என்று அந்தக் குழு சொன்னது. பின்னால் வந்த கோத்தாரி குழு, மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்க வேண்டாம் என்றது. கட்டாயம் போனது. பொதுவாக வைக்கும் யோசனை வரவே இல்லை. பெண்ணுக்குக் கட்டாயம் இல்லை என்பதும் ஆணுக்கும் உண்டு என்பதும் ஒன்றல்ல. நம் மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் பிரிவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் போதும்.

சட்டங்கள் எங்கள் பள்ளத்தாக்கின் சிறுமியை எப்படிப் பார்க்கின்றன? 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1981-இல் ஏலத்தோட்டங்களும் அதில் சேர்ந்தன. காப்பகம் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு. அதுவும் மேலே, தோட்டத்தில் இருக்கிறது. விடியுமுன் ஜீப்பில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவள் எத்தனை பேர்? குழந்தை கீழேயே, ஊரிலேயே அக்காவிடம் இருக்கும். அந்த அக்காவுக்கு ஆறு வயது ஆனதும் 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அவளைப் பள்ளிக்கு அழைக்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டமோ 2016-இல் திருத்தப்பட்டபோது, பள்ளி நேரம் போக மீதியில் குழந்தை குடும்பத்துக்கு உதவலாம் என்று எழுதிவைத்தது. அரிசி களைவது, தம்பியைக் குளிப்பாட்டுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் அந்த 'உதவி' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடும்.

அந்த ஆறு வயதுக்காரியை ஓரளவு நேர்மையாகப் பார்த்தவர்கள் புள்ளிவிவரக்காரர்கள். 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. ஆறு வயது நிரம்பிய எல்லாரிடமும், நாளை எப்படிச் செலவிட்டாய் என்று கேட்டார்கள். ஆறு வயதிலேயே ஒருத்தி வீட்டு வேலையில் இருக்கக்கூடும் என்பதை இந்த நாட்டின் கணக்குப்பிள்ளைகள் ஒத்துக்கொண்டது பெரிய விஷயம்தான். 2019-இல் நாடு முழுக்க எடுத்தபோது, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஈடுபடுகிற ஆண் 97 நிமிடம். 2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 ஆகக் குறைந்தது. பத்து நிமிடம் மிச்சமாயிற்றே என்று சந்தோஷப்பட்டு அடுத்த வரியைப் பார்த்தால், ஆணுக்கும் குறைந்து 88 ஆகியிருக்கிறது.

பள்ளிக்குள் சமையல் வராமல் இல்லை. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் ஒரு அடுப்பைக் கொண்டுவந்தது. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஏராளமான பெண்களுக்கு வேலை கொடுத்தது. அந்த அடுப்பைச் சுற்றிப் பாடம் எதுவும் வளரவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கொட்டகையில் பற்றிய தீ கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் செத்துப்போனார்கள். அதன் பிறகு சமையலறைப் பக்கம் பிள்ளை போகக் கூடாது என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. அதோடு வாதாட எனக்கு மனம் வராது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, சமைக்கிற மகளிர் குழுப் பெண்ணின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தன் பிள்ளை தின்னும் சாப்பாட்டை அம்மா கவனமாக ஆக்குவாள் என்பது கணக்கு. அந்தத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு காலையில் பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் குறைந்தார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, விடிகாலையில் தம்பி தங்கைக்கு உப்புமா கிண்டும் பொறுப்பு சில சிறுமிகளின் தலையிலிருந்து இறங்கியது. அரசு இதை இந்தக் கணக்கில் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லலாம்.

நான் என் நான்காம் வகுப்பில் பின்னத்தை ஆழாக்கு, உழக்கு, படி வைத்துத்தான் நடத்துகிறேன். வெறும் அரிசி, தண்ணீர், அவல், நிலக்கடலை, நெருப்பு கிடையாது. பையன்கள்தான் முதலில் பாய்ந்து வருவார்கள். ஒரு வருடம் ஒரு பையனின் அப்பத்தா வந்து, "ஏன் டீச்சர், ஆம்பளப் பிள்ளையப் போயி அரிசி அளக்க விடுறீங்க?" என்றார். "அளக்கத் தெரியாட்டி கடையில ஏமாத்திருவாங்கல்ல அப்பத்தா" என்றேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது. கடை என்றதும் ஆண்பிள்ளை விவகாரமாகிவிட்டதே.

அந்த வகுப்பில் ஒரு பெண் மட்டும் கிட்ட வரவில்லை. "எனக்கு வேணாம் டீச்சர். வீட்ல டெய்லி இதுதான்" என்றாள். அவள் அம்மாவும் ஜீப் ஏறுகிறவர். அவளைப் புத்தக அலமாரிப் பக்கம் அனுப்பினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து படக்கதை படித்தாள். பிள்ளையோடு சேர்ந்து சமையுங்கள் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணை நினைத்து எழுதுவதில்லை. வேண்டாம் என்று சொல்லவும், கரண்டியைப் போட்டுவிட்டு விளையாடப் போகவும் முடிகிற பிள்ளைக்குத்தான் அது கல்வி. இவள் தன் வீட்டில் அப்படிப் போனால் தம்பி பசியோடு இருப்பான்.

இந்தக் கட்டுரைக்காகப் பள்ளத்தாக்கில் ஆணும் பெண்ணுமாகச் சிலரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: சமைக்க எப்போது கற்றுக்கொண்டீர்கள்? பரோட்டா மாஸ்டராக இருக்கும் ஒருவர், "பதினாலு வயசுல மதுரைக்குப் போயித் தொழில் கத்துக்கிட்டேன்" என்றார். யாரிடம் கற்றார், எத்தனை மாதம் மாவு மட்டும் பிசைந்தார் என்று குருகுலக் கதை போலச் சொன்னார். கல்யாணச் சமையல்காரர் ஒருவரும் 'கத்துக்கிட்டேன்' என்றுதான் சொன்னார். பெண்களில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் வாயில் வந்தது 'ஆக்கிப்போட்டேன்'. கூடலூர்ப் பக்கத்தில், அறுபது வயதைத் தாண்டிய ஒரு அத்தை நான் கேட்டதே விளங்காத மாதிரிப் பார்த்தார். "இதுல என்னத்தா கத்துக்கிறதுக்கு இருக்கு? அம்மா மலைக்குப் போயிருச்சு, தம்பி அழுதான், ஆக்கிப்போட்டேன்."

அப்போது எத்தனை ஆழாக்குப் போடுவீர்கள் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணு. அப்பனுக்கு ஒண்ணே கால், தம்பிக்கு அரை, அம்மாவுக்கு ராத்திரிக்கு முக்கால்." மீதி அரை ஆழாக்கு யாருக்கு என்று நான் கேட்கவில்லை.